வாய மூடிக்கிட்டு இருந்தா கேஸ் நிக்காதா?

கேள்வி: வணக்கம் சார். நாங்க கோலாலம்பூர் செந்தூல்ல இருக்கோம், பேர் போட வேண்டாம். என் தம்பிக்கு வயசு 24. போன வருஷம் ராத்திரி ரெண்டு மணிக்கு மாமாக் கடையில (ராத்திரியும் தொறந்திருக்கற சாப்பாட்டுக் கடை) சண்ட ஆயிடுச்சி, அந்தப் பக்கம் மூணு பேரு, இவன் ஒருத்தன். தே ஐஸ் (ஐஸ் டீ) கிளாஸ் ஒடஞ்சி அதால ஒருத்தன் கையில கீறிட்டான்னு பீனல் கோட் 324 (ஆயுதத்தால காயப்படுத்துனது) போட்டுட்டாங்க. தம்பிக்கும் மண்டையில ஆறு தையல், நான்தான் ஜிஎச்சுக்கு (அரசாங்க ஆஸ்பத்திரி) கூட்டிட்டு போனேன். அவங்க பக்கத்து சாட்சியெல்லாம் முடிஞ்சி போன வாரம் மஜிஸ்திரேட் தம்பிய டிபென்ஸ் சொல்ல கூப்பிட்டுட்டாங்க, அடுத்த மாசம் தேதி. சத்தியம் பண்ணி பேசறது, சத்தியம் இல்லாம பேசறது, பேசாம இருக்கறதுன்னு மூணு வழி இருக்காம், ஒன்ன செலக்ட் பண்ணணுமாம். மாமா சொல்றாரு, சும்மா வாய மூடிக்கிட்டு இரு, பேசாம இருக்கறது ஒன் உரிமை, ஒருத்தனும் ஒன்னும் பண்ண முடியாதுன்னு. சிங்கப்பூர்ல வேல செய்ற பெரியப்பா மகன், இவன் மொத நாளே போலிஸ்கிட்ட எல்லாத்தையும் சொல்லிருக்கணும், இல்லன்னா கோர்ட்டு தப்பா எடுத்துக்கும்ங்கறாரு. தம்பி மொத ராத்திரியே பாலாய்ல (போலிஸ் ஸ்டேஷன்) பேசிட்டான், கிளாஸ லொங்காங்ல (சாக்கடை) போட்ட எடத்தையும் காமிச்சிட்டான், அதெல்லாம் கோர்ட்டுல வருமா? 19 வயசுல ஒரு அடிதடிக்கு பைன் கட்டுன ரெக்கார்டு வேற இருக்கு, கூண்டுல ஏறுனா அத கெளறுவாங்கன்னு பயப்படறான். லாயர் இருக்காரு, ஆனா அவர்ட்ட கேக்க கூச்சமா இருக்கு. நான் எல்லா தேதிக்கும் லீவு போட்டு கோர்ட்டு உள்ள உக்காந்து கேக்கறேன், ஒன்னும் புரியல.

பதில்:

தங்கச்சி, மொதல்ல மாமாவயும் பெரியப்பா மகனயும் கொஞ்சம் ஓரமா உக்கார வெச்சிடுவோம், ஏன்னா ரெண்டு பேரும் நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க ஆனா ரெண்டு பேரும் வேற வேற நாட்டு சட்டத்த பேசறாங்க. மாமா பேசறது அமெரிக்கா, 1966ல அங்க மிராண்டா கேஸ்ல வந்த தீர்ப்பு, அதத்தான் டிவியில வெலங்கு மாட்டும்போது கடகடன்னு சொல்லுவாங்க. பெரியப்பா மகன் பேசறது சிங்கப்பூர், அங்க 1976லயே சட்டத்த திருத்தி, சார்ஜ் பண்ணும்போது சொல்லாத ஒன்ன பின்னால கோர்ட்டுல வந்து சொன்னா அத ஒனக்கு எதிரா எடுத்துக்கலாம்னு கொண்டு வந்துட்டாங்க. நம்ம மலேசியாவுல, ஜாலான் டுத்தா கோர்ட்டுல இந்த ரெண்டும் ஓடாது.

நம்ம ஊர்ல பேசாம இருக்கற உரிமை ரெண்டு எடத்துல வருது, பேரு ஒன்னுதான், ஆனா வேல வேற. ஒன்னு பாலாய்ல, இன்னொன்னு உங்க தம்பி இப்ப நிக்கற எடத்துல. மொத எடத்துல வாய மூடறது பெரும்பாலும் புத்திசாலித்தனம், ரெண்டாவது எடத்துல அதே வாய மூடறது கழுத்துக்கு நேரா கத்திய காட்டி நிக்கற மாதிரி, நெறய குடும்பம் இத ஒன்னா போட்டு குழப்பிக்கறதாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

பாலாய் விஷயத்த மொதல்ல முடிச்சிடறேன். ஒருத்தர புடிச்சா ஏன் புடிக்கறோம்னு சொல்லணும், அவர் விரும்புற லாயர்கிட்ட பேச விடணும், 24 மணி நேரத்துக்குள்ள மஜிஸ்திரேட் முன்னாடி கொண்டு வரணும், இது கூட்டரசு அரசியலமைப்போட 5வது பிரிவுலயே இருக்கு. சிபிசி (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 28ஏ என்ன சொல்லுதுன்னா கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே சொந்தக்காரங்களுக்கும் லாயருக்கும் தகவல் குடுக்க விடணும், லாயர் வர்றதுக்கு நியாயமான நேரம் காத்திருக்கணும், அத மறுக்கணும்னா டிஎஸ்பி ரேங்குக்கு கொறையாத ஆபிசர் அனுமதி வேணும். அப்புறம் 112, போலிஸ் ஸ்டேட்மென்ட் எடுக்கற பிரிவு, அதுல ஐஓ (விசாரிக்கற போலிஸ் ஆபிசர்) கேக்கற கேள்விக்கு பதில் சொல்லித்தான் ஆகணும், சொல்றது உண்மையா இருக்கணும், ஆனா எந்த பதில் சொன்னா நம்ம மேலயே கேஸ் வருமோ அந்த பதில சொல்ல மாட்டேன்னு மறுக்கலாம், இந்த விஷயத்த ஐஓவே மொதல்ல எடுத்து சொல்லணும். எழுதி முடிச்சதும் நாம எந்த பாஷையில சொன்னமோ அந்த பாஷையில படிச்சி காட்டி, திருத்தம் இருந்தா திருத்த விட்டு, அப்புறம்தான் கையெழுத்து. நடைமுறையில என்ன நடக்குதுன்னா நம்ம பையன் பாதி தமிழ் பாதி மலாய்ல சொல்றான், அவர் மலாய்ல எழுதறாரு, ராத்திரி மூணு மணி, பசி, தூக்கம், வீட்டுக்கு விட்டா போதும்னு எல்லா பக்கத்துலயும் போட்டுட்டு வந்துடறான். "அவன் அடிச்சான், நான் அடிச்சேன்"னு இவன் சொன்னதுல "அவன் அடிச்சான்" எங்க போச்சின்னு பின்னால நாங்க தேடணும்.

சரி, தம்பி பேசினது வருமா? இந்த மாதிரி சாதாரண பீனல் கோட் கேஸ்ல வராது. 2007 செப்டம்பர்லேர்ந்து நடைமுறைல இருக்கற திருத்தம், சிபிசி 113, குற்றம் சாட்டப்பட்டவர் போலிஸ்ல சொன்னத அவருக்கு எதிரா சாட்சியமா போட முடியாது. (போதைப் பொருள், லஞ்சத்துக்கான எம்ஏசிசி, பாதுகாப்புக் குற்றத்துக்கான சோஸ்மா இதுக்கெல்லாம் தனி வழி இருக்கு, அங்க வரும், அதனால இத படிச்சிட்டு வேற யாரும் தைரியமா இருந்துடாதீங்க.) ஆனா அதே 113ல ஒரு கதவு நமக்காக தொறந்திருக்கு, தம்பி அன்னைக்கு சொன்னது அவனோட டிபென்ஸுக்கு ஒதவுற மாதிரி இருந்தா நம்ம பக்கத்துலேர்ந்து அத எடுத்து வெக்கலாம். அன்னிக்கு ராத்திரியே "மூணு பேரு சேந்து மொதல்ல என் மண்டையில போட்டாங்க"ன்னு சொல்லி அது அந்த பேப்பர்ல ஏறியிருந்தா அது தங்கம், இவன் இப்ப வந்து கத கட்டலங்கறதுக்கு சாட்சி.

லொங்காங் விஷயம் வேற. எவிடன்ஸ் ஆக்ட் 27ன்னு ஒன்னு இருக்கு, புடிபட்டவர் சொன்ன தகவலால ஒரு பொருள் கெடச்சா, அந்தப் பொருள் கெடச்சதோட நேரடியா சம்பந்தப்பட்ட அந்த வரி மட்டும் கோர்ட்டுக்குள்ள வந்துடும். "கிளாஸ அங்க போட்டேன்" உள்ள வரும், "நான்தான் கீறினேன்" வராது. அதனால கிளாஸ நான் தொடவே இல்லன்னு தம்பி இனிமே ஒரு காலத்துலயும் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம், அது பொய்யும் கூட.

இப்ப ரெண்டாவது எடத்துக்கு வரேன், உங்க தம்பியோட தலையெழுத்து இங்கதான் இருக்கு.

அவங்க பக்கத்து சாட்சி முடிஞ்சதும் மஜிஸ்திரேட் உக்காந்து பிரைமா ஃபேசி இருக்கான்னு பாத்தாங்க இல்லயா, அது ஏதோ சம்பிரதாயம்னு நெறய பேரு நெனக்கறாங்க. இல்ல. குற்றத்தோட ஒவ்வொரு அம்சத்துக்கும் நம்பத்தகுந்த சாட்சியம் இருக்கா, யாரும் அத மறுக்கலன்னா தண்டிக்கலாமான்னு பாக்கணும்னு சட்டமே சொல்லுது. 2003ல அப்பீல் கோர்ட்டு லூய் கோவ் சாய் கேஸ்ல இத பச்சையா சொல்லிடுச்சி, நீதிபதி தன்னத்தானே கேட்டுக்க வேண்டிய கேள்வி என்னன்னா, நான் இவர டிபென்ஸுக்கு கூப்பிட்டு இவர் வாயே தொறக்கலன்னா இப்ப இருக்கற சாட்சியத்த வெச்சே தண்டிக்க நான் தயாரா? இல்லன்னா அங்கயே விடுதல. ஆமான்னாதான் கூப்பிடணும். 2005ல பாலச்சந்திரன் கேஸ்ல பெடரல் கோர்ட்டும் அதே பாதையிலதான் போச்சி.

புரியுதா தங்கச்சி? மஜிஸ்திரேட் போன வாரம் தம்பிய கூப்பிட்டாங்கன்னாலே அந்த கேள்விக்கு "ஆமா"ன்னு பதில் சொல்லி முடிச்சாச்சு. பேசாம இருந்தா என்ன ஆகும்னு மாமா யோசிச்சிட்டு இருக்காரு, மஜிஸ்திரேட் அத போன வாரமே யோசிச்சிட்டாங்க. மேசையில பில்லு வந்தாச்சு, இனி பேசாம உக்காந்திருந்தா பில்லு மறஞ்சி போகாது.

அப்ப பேசாம இருக்கற அந்த மூணாவது வழிய ஏன் வெச்சிருக்காங்கன்னு கேப்பீங்க. யாரையும் வாயப் புடிச்சி தொறக்க வெக்கக் கூடாதுங்கறது அடிப்படை, நிரூபிக்கற வேல கடைசி வரைக்கும் அரசு தரப்போடதுதான். சில லாயருங்க தெரிஞ்சே அத எடுக்கறதும் உண்டு, இந்த சாட்சியத்துல கூப்பிட்டதே தப்புன்னு உறுதியா நெனச்சா கட்சிக்காரர பேச விடாம தீர்ப்ப வாங்கிக்கிட்டு ஹைகோர்ட்டுல போயி அந்த ஒரு பாயிண்ட்ட மட்டும் அடிப்பாங்க, அது பெரிய சூதாட்டம், தோத்தா சொல்றதுக்கு கையில ஒன்னும் இருக்காது.

சிபிசி 173ல அந்த மூணு வழியயும் கோர்ட்டே படிச்சி வெளக்கணும்னு இருக்கு, சத்தியம் செஞ்சி சாட்சிக் கூண்டுல பேசறது, சத்தியம் இல்லாம குற்றவாளிக் கூண்டுலேர்ந்து பேசறது, பேசாம இருக்கறது. இத எழுதும்போது எனக்கு ஒரு பையன் ஞாபகம் வர்றான், பல வருஷத்துக்கு முன்னாடி, எங்கன்னு வேண்டாம். மஜிஸ்திரேட் மலாய்ல வாசிக்கறாங்க, தமிழ் மொழிபெயர்ப்பாளர் மூச்சு விடாம சொல்றாரு, "ஒன்னு, ரெண்டு, மூணு, எது வேணும்?" இவன் என் பக்கம் கூட திரும்பல, கைய தூக்கி மூணு வெரல காட்டிட்டான். நான் எந்திரிச்சி நின்னு கொஞ்ச நேரம் குடுங்கன்னு கேட்டு வெளிய கூட்டிட்டு போயி, ஏன்டா அப்படி காட்டுனன்னு கேட்டா, "பேச வேண்டாம்னா ஈசியா இருக்குமேன்னு நெனச்சேன்ணே"ங்கறான். அப்பலேர்ந்து என் ஆளுங்க எல்லாருக்கும் தேதிக்கு ஒரு வாரத்துக்கு முன்னாடியே ஆபிஸ்ல உக்கார வெச்சி தமிழ்ல சொல்லிடறது, கோர்ட்டுல மொத தடவையா கேக்கற விஷயமா அது இருக்கவே கூடாது.

நடுவுல இருக்கற வழி, குற்றவாளிக் கூண்டுலேர்ந்து பேசறது, கேக்க ரொம்ப சவுகரியமா இருக்கும், நாம சொல்றத சொல்லிடலாம், டிபிபி (அரசு வக்கீல்) குறுக்கு விசாரண பண்ண முடியாது. ஆனா கேள்விக்கு நிக்காத பேச்சுக்கு எட கம்மி. எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம், அன்வார் இப்ராஹிம் அவரோட ஓரினப் புணர்ச்சி கேஸ்ல 2011 ஆகஸ்ட்ல அப்படித்தான் கூண்டுலேர்ந்து பேசினாரு, ஹைகோர்ட்டு 2012ல விடுதல பண்ணுச்சி, அப்பீல் கோர்ட்டு 2014ல மாத்துச்சி, 2015 பிப்ரவரில பெடரல் கோர்ட்டு தண்டனைய உறுதி பண்ணும்போது அவரு கூண்டுலேர்ந்து பேசினது வெறும் மறுப்புதான்னு தள்ளிடுச்சி. (2018ல மன்னிப்பு கெடச்சது தனிக் கத.) அதுக்காக சாட்சிக் கூண்டு ஏறினா தப்பிச்சிடலாம்னும் நான் சொல்ல வரல, எஸ்ஆர்சி ஊழல் கேஸ்ல முன்னாள் பிரதமர் நஜிப் 2019 டிசம்பர்ல ஏறி சத்தியம் பண்ணித்தான் பேசினாரு, 2020 ஜூலைல குற்றவாளின்னு தீர்ப்பு வந்தது ஊருக்கே தெரியும்.

ஆனா உங்க தம்பி கேஸ்ல ஒரு விஷயம் இருக்கு, நீங்க அத போற போக்குல ஒரு வரியில எழுதிட்டீங்க. மூணு பேரு, இவன் ஒருத்தன், மண்டையில ஆறு தையல். இது தற்காப்பு கேஸ் தங்கச்சி. தன்ன காப்பாத்திக்க செஞ்சது குற்றம் இல்லன்னு பீனல் கோட் 96 சொல்லுது. ஆனா தற்காப்புன்னு சொல்றவங்கதான் அத காட்டணும், எவிடன்ஸ் ஆக்ட் 105 அந்த பாரத்த நம்ம தலையில வெக்குது, அரசு தரப்பு மாதிரி சந்தேகமே இல்லாம நிரூபிக்க வேண்டாம், அப்படி நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்ங்கற அளவுக்கு காட்டினா போதும். யாரு காட்டறது? அந்த மேசையில இருந்தது நாலு பேரு, மூணு பேரு ஏற்கனவே அவங்க கதைய சொல்லிட்டு போயிட்டாங்க. அவன் மனசுல அந்த நிமிஷம் என்ன பயம் இருந்துச்சின்னு அவன தவிர யாரு சொல்ல முடியும்?

அதனால என் அபிப்பிராயம், ஏறட்டும், சத்தியம் பண்ணி பேசட்டும். பைல பாக்காம இதுக்கு மேல நான் அடிச்சி சொல்லக் கூடாது, முடிவு தம்பியோடது, ஆலோசன அவனோட லாயரோடது, மாமாவோடதும் இல்ல உங்களோடதும் இல்ல.

ஏறினா டிபிபி எங்க கை வெப்பாருன்னு சொல்றேன், கேட்டுக்குங்க. மண்டையில அடிச்சத பத்தி அதிகம் கேக்க மாட்டாரு. கிளாஸ பத்தித்தான் கேப்பாரு. கிளாஸ எப்ப கையில எடுத்தீங்க, அடி வாங்கினதுக்கு முன்னாடியா பின்னாடியா? அது தானா ஒடஞ்சதா, மேசையில தட்டி ஒடச்சீங்களா? அவங்க கையில என்ன இருந்துச்சி, ஒன்னும் இல்லயா? கடை வாசல் எத்தன அடி தூரம், ஏன் ஓடல? கீறினதுக்கு அப்புறம் ஏன் கிளாஸ லொங்காங்ல கொண்டு போயி போட்டீங்க? ஏன்னா 99வது பிரிவு, தற்காப்புக்கு தேவையான அளவுக்கு மேல அடிக்கக் கூடாது. மொதல்ல யாரு அடிச்சதுங்கற சண்டையில நாம ஜெயிச்சிட்டு இந்த அளவு விஷயத்துல கவுந்து போன கேஸ் எத்தனயோ பாத்திருக்கேன். இதுக்கெல்லாம் பதில மனப்பாடம் பண்ண வெக்காதீங்க, மனப்பாடம் பண்ண பதில் ரெண்டாவது கேள்வியிலயே ஒடஞ்சிடும், ஞாபகம் இல்லாதத ஞாபகம் இல்லன்னு சொல்லட்டும். தமிழ்ல பேசறது சவுகரியம்னா தமிழ்ல பேசட்டும், மொழிபெயர்ப்பாளர் வேணும்னு லாயர் முன்னாடியே சொல்லி வெக்கணும், மலாய்ல சமாளிச்சிடலாம்னு போயி "அடிச்சேன்"க்கும் "தள்ளினேன்"க்கும் நடுவுல மாட்டிக்க வேண்டாம்.

பழைய ரெக்கார்டு பயம் நியாயமான பயம்தான், ஆனா அவன் நெனக்கற அளவுக்கு இல்ல. ஒருத்தர் கூண்டுல ஏறினாருங்கறதுக்காக மட்டும் அவரோட பழைய கேஸ கெளற முடியாது, எவிடன்ஸ் ஆக்ட் 54 தடுக்குது. கதவ நாமளா தொறந்தாத்தான் வருவாங்க, நான் ரொம்ப நல்ல பையன், சண்டைக்கே போனதில்லன்னு தம்பி பெருமை பேசினா, இல்ல அந்த மூணு பேரும் ரவுடிங்க கேங்க்ஸ்டருங்கன்னு அவங்க குணத்த அசிங்கப்படுத்தினா. அன்னிக்கு என்ன பண்ணாங்கன்னு சொல்றதுக்கும் அவங்க எப்படிப்பட்ட ஆளுங்கன்னு சொல்றதுக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கு, அது மெல்லிசு, லாயர்கிட்ட அந்த 19 வயசு கேஸ மறைக்காம சொல்லிட்டு அந்த கோடு எங்க இருக்குன்னு கேட்டுக்கணும். கூச்சமா இருக்குன்னு எழுதியிருக்கீங்க, காசு வாங்கிக்கிட்டு கேக்கறதுக்குன்னே உக்காந்திருக்கற ஆள்கிட்ட என்ன கூச்சம்?

அவர்ட்ட இன்னொன்னும் கேளுங்க, இது முக்கியம். அந்த மூணு பேரும் சாட்சி சொன்னப்ப "நீங்கதான் மொதல்ல என் கட்சிக்காரர் மண்டையில அடிச்சீங்க"ன்னு நேரா அவங்ககிட்ட கேள்வியா வெச்சாரான்னு. அப்ப கேக்காம விட்டுட்டு இப்ப தம்பி வந்து சொன்னா, அவங்க சொன்னத அன்னிக்கு ஒத்துக்கிட்டீங்க, இது பிந்தி ஜோடிச்ச கதன்னு டிபிபி சொல்லுவாரு, 1981லேர்ந்தே வோங் சுவீ சின் தீர்ப்ப எடுத்து காட்டுவாங்க. வெச்சிருந்தாருன்னா பாதி கெணறு தாண்டியாச்சு. விட்டிருந்தா அவங்கள திரும்ப கூப்பிட வழி இருக்கான்னு தேதிக்கு முன்னாடி யோசிக்கணும், அன்னிக்கு காலையில இல்ல.

தம்பி மட்டும்தான் பேசணும்னும் இல்ல. அன்னிக்கு தே, காப்பி கலக்குன கடை பையன், பக்கத்து மேசைக்காரங்க, கடையில கேமரா இருந்தா அந்த பதிவு (ஒரு வருஷம் ஆயிடுச்சி, அழிஞ்சிருக்கும், ஆனா ஐஓ அப்ப எடுத்தாரான்னு லாயர் கேக்கலாம்). ஜிஎச்ல ஆறு தையல் போட்ட ரிப்போட்ட எழுதி கேட்டு பணம் கட்டி வாங்கணும், உடனே கையில குடுத்துட மாட்டாங்க, அடுத்த மாசம் தேதின்னா இந்த வாரமே போங்க. அன்னிக்கு குடுத்த சீட்டு, கார்டு, எம்சி (மெடிக்கல் லீவு சீட்டு), ரத்தம் பட்ட சட்டை எது வீட்டுல கெடக்குதோ தூக்கி போடாம ஒரு பையில வெச்சி லாயர்கிட்ட குடுத்துடுங்க. காசு கஷ்டம்னா யயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சானும் (தேசிய சட்ட உதவி அறக்கட்டளை) பார் கவுன்சிலோட சட்ட உதவி மையமும் இருக்கு, ஆனா கேஸ் இந்த கட்டத்துல இருக்கறப்ப ஏற்கனவே பைல் தெரிஞ்ச லாயர மாத்தறத நான் சொல்ல மாட்டேன்.

கடைசியா உங்கள பத்தி. ஜிஎச்சுக்கு கூட்டிட்டு போனது நீங்க. அவன் தலையில ரத்தத்தோட வந்தத பாத்தது நீங்க, காருல அவன் என்ன சொன்னான்னு கேட்டது நீங்க. அப்ப நீங்களும் ஒரு சாட்சி, அத உங்க லாயர் யோசிச்சாரான்னு எனக்கு தெரியல, ஏன்னா நீங்க எல்லா தேதிக்கும் உள்ள உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க, சாட்சி சொல்லப் போறவங்க உள்ள உக்காரக் கூடாது. அதுக்காக உங்க சாட்சியமே செல்லாதுன்னு இல்ல, ஆனா எல்லாரும் சொன்னத கேட்டுட்டு வந்து பேசறீங்கன்னு டிபிபி ஒரு குத்து குத்துவாரு. நாளைக்கே லாயருக்கு போன் பண்ணி இத சொல்லுங்க, அடுத்த தேதிக்கு லீவு போட்டாலும் அவர் சொல்ற வரைக்கும் உள்ள போகாதீங்க, வெளிய பெஞ்சுல உக்காருங்க, தம்பி உள்ள என்ன பேசினான்னு பிரேக் டைம்ல வந்து யாராச்சும் சொன்னாலும் காது குடுக்காதீங்க.